கொஞ்சம் நகர்த்தி வைத்தவர்

அந்த அம்மாள் எதையும் திட்டி நான் கேட்டதில்லை. நகர்த்தி வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். பால் திரிந்தால் பாலைக் குறை சொல்ல மாட்டார், கறந்தவரையும் சொல்ல மாட்டார். பால்சட்டியை அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார். கன்று தண்ணீர் குடிக்காவிட்டால் தொட்டியை நிழலுக்கு இழுப்பார். ஒரு தடவை என் சைக்கிள் காற்றில் சாய்ந்து விழுந்தது. நான் அதன் ஸ்டாண்டை வைதுகொண்டே நிமிர்த்தினேன். அவர் மாட்டுக்கொட்டிலான கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவர், கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வந்து, முழங்கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினார்.

"எடம் சரியில்லீங்க சாமி" என்றார்.

உலகத்தில் நடக்கும் கோளாறுகளுக்கு அவரிடம் இருந்த விளக்கம் அது ஒன்றுதான்.

பாலக்காட்டு எலப்புள்ளிக்குக் கிழக்கே, பனையும் சோளக்காடுமாக இருக்கும் பக்கம் அவர் ஊர். நான் பிளாக் ஆபீஸில் கிராம சேவக்காகச் சேர்ந்து ஒரு வருஷம் நிறையாத சமயம். உத்தியோகம் நிரந்தரமாகவில்லை. மாநிலங்களைப் பிரித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை மதராஸுக்குப் போன எங்கள் காகிதங்கள் திருவனந்தபுரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. இனி யாரிடம் போய் எந்த பாஷையில் பேசுவது என்று ஊரில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் குழம்பவில்லை.

"நாம நவுறவே இல்லீங்க. சர்க்காரு வந்து நம்மளை நவுத்தி வெச்சிருக்குது. எடம் சேருதான்னு போகப் போகத் தெரியுமுங்க" என்றார்.

நான் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவன். அதுவரை முட்டையைக் கையால் தொட்டவன்கூட இல்லை. என்னிடம்தான் பன்னிரண்டு வெள்ளை வெடக்கோழிகளை ஒப்படைத்தார்கள். வெடக்கோழி என்றால் இன்னும் முதல் முட்டை இடாத இளங்கோழி. சர்க்கார் பண்ணையில், இயந்திரத்தில் பொரித்த கோழிகள். தாயின் இறக்கைக்குள் ஒரு நாளும் படுத்தறியாதவை. முதலில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பது, அங்கே சரியாக வந்தால் ஊரில் மற்ற வீடுகளுக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. கோழிகளோடு முட்டையிடுவதற்கு நான்கு பலகைப் பெட்டிகளும் உண்டு. கோழிகள் அந்தப் பெட்டியில்தான் முட்டையிட வேண்டும், காட்டிலும் வைக்கோற்போரிலும் இட்டால் கணக்கில் வராது என்று மேலதிகாரி எனக்குச் சொல்லியிருந்தார். யாருக்குக் கொடுப்பது என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் தானாக வந்து கேட்டார்.

"உங்களால பார்த்துக்க முடியுமா?" என்றேன்.

"முட்டை போட அதுக்குத் தெரியுமுங்க சாமி. எடம் போட நமக்குத் தெரியோணும், அவ்வளவுதான்."

அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கலாம். உயரம் குறைவு, நடக்கும்போது எதையோ எடுக்கப் போகிறவரைப் போல இரண்டு கைகளும் முன்னால் இருக்கும். இருந்தது அண்ணன் வீட்டில். கணவருக்கு ஏலப்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. பல வருஷம் குழந்தை இல்லாமல் போக, கணவர் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். இவர் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாராம். "அங்க குளுருங்க. எனக்கு எடம் சேரலை."

கணவரையும் அந்தப் பெண்ணையும் பற்றி ஒரு சொல் அதிகமாக யாரும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. ஊருக்கு அதில் ஏமாற்றம்.

இப்போது அங்கே அந்த இரண்டாவது மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். தை மாதம் வந்து இவரை அழைத்துப் போகிறேன் என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் கெட்டவர் அல்ல. எந்தத் தீர்மானத்தையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர். அதனால் அதைக் கோழிகளின் தலையில் கட்டிவிட்டார்.

"அம்மிணி, உன்ற காலுல நீ நிப்பேன்னா நான் எதுக்கு உன்னை அனுப்பறேன்? சாமி குடுத்த கோழி பொட்டியில முட்டை போடட்டும். சித்தூரு ஆஸ்பத்திரிக்குக் குடுத்துப் பொழைச்சுக்க. தைக்குள்ள போடலைன்னா மாப்பிள்ளை கூடக் கெளம்பிரு" என்று என் முன்னிலையிலேயே சொன்னார்.

"சரிங்கண்ணா" என்றார் அந்த அம்மாள், கறி வாங்கி வா என்று சொன்னதைக் கேட்டவரைப் போல.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது எனக்குத்தான். கோழி இடாவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும், கூடவே என் உத்தியோகமும் போகும். ஊருக்குள் நுழைந்ததும் கோழிகளை எண்ணுவேன். பன்னிரண்டு இருக்கும். பெட்டிக்குள் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. மறுபடி கோழிகளை எண்ணுவேன்.

"வெசனப்படாதீங்க சாமி. எண்ணுனா கூடிருமா?" என்பார் அவர்.

அவர் எதையும் எண்ணுகிறவர் இல்லை. எத்தனை படி நெல் என்று கேட்டால் நெற்குதிரைத் தட்டிப் பார்த்து, "இருக்குது" என்பார்.

அந்த ஊர்க்காரர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால் முதலில் பஸ் விஷயத்தைத்தான் சொல்வார்கள். சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ் ஊர் விலக்கில் நிற்பதில்லை. ஜனங்கள் இறக்கத்தின் அடியில், புளியமரத்து நிழலில் நிற்பார்கள்; பஸ் உருண்டு வந்த வேகத்தில் அவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போகும். டிரைவரைத் திட்டினார்கள். ஒரு நாள் கல்லெறிந்தார்கள். மனு எழுதித் தரச் சொல்லி என்னிடமும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒரு காலையில் கூடையோடு போனவர், புளியமரத்தைக் கடந்து, எதிரே இருக்கும் ஏற்றத்தில் நடந்து, உச்சிக்குச் சற்று முன்னால் ஒற்றைப் பனையடியில் வெயிலில் தனியாக நின்றார். பஸ் ஏற்றத்தில் முக்கி முனகி, நடக்கும் வேகத்துக்கு வந்திருந்தது. கையைக் காட்டினார், நின்றது. நிற்பதற்கு டிரைவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஏற்கெனவே பாதி நின்றிருந்தது.

"எறக்கத்துல ஓடற மாட்டை நிக்கச் சொல்ல முடியுமுங்களா? ஏத்தத்துல அதுவே நிக்கோணும்னு இருக்கும்" என்றார் பிறகு. அடுத்த வாரம் ஊரே பனையடியில் நின்றது.

எல்லாம் அப்படியே பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தென்னங்கன்றை வெயில் போதவில்லை, தண்ணீர் போதவில்லை, காற்று போதவில்லை என்று மூன்று குழி மாற்றி நட்டார். மூன்றாவது குழியில் அது செத்துப்போனது. "நவுத்தி நவுத்தியே கொன்னு போட்டனுங்க" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, காய்ந்த கன்றை எடுத்துப்போய் அடுப்பருகே வைத்தார்.

வீட்டுக்குள்ளும் இந்த வழக்கம் நிற்கவில்லை. உப்புச்சட்டி ஒரு நாள் அடுப்புக்கு வலப்பக்கம், மறுநாள் உறியில். ஆட்டுக்கல்லை வெளிச்சம் வரும் பக்கம் உருட்டி வைத்துவிட, அண்ணன் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்து அதில் கால் இடறிப் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நங்கையா ஒரு நாள் என்னிடமே முறையிட்டார்.

"ஏனுங் சாமி, நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு இருவது வருசமாச்சு. என்ற ஊட்டுல உப்பு எங்க இருக்குதுன்னு நான் இவகிட்டக் கேக்கோணுமா?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அம்மா வைத்த டம்ளரை ஒரு அங்குலம் நகர்த்த எனக்கே துணிச்சல் கிடையாது.

கார்த்திகை வந்தது. வெடக்கோழிகளின் கொண்டை சிவந்தது. முதுகுக்கு மேலே கையைக் கொண்டுபோனால் இறக்கையைத் தாழ்த்திக் குந்தின. முட்டையிடத் தயாரான கோழி அப்படித்தான் குந்தும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். காலையில் நான்கைந்து கேறிக்கொண்டு திரிந்தன. பெட்டிகளில் மட்டும் ஒன்றும் இல்லை. பெட்டிகளை நான் முற்றத்தில், வாசலுக்கு நேராக வைக்கச் சொல்லியிருந்தேன். அதிகாரி வந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். கோழிகள் பகலில் அவற்றின்மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தன. பொழுது சாய்ந்ததும் உள்ளே புகுந்து படுத்து எச்சமிட்டன. வேறு எதற்கும் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

"சர்க்கார் கோழியும் அவ மாதிரியேதான் இருக்குது. கை ராசி" என்றார் நங்கையா, யாருக்கோ சொல்வதைப் போல, சாணி தெளித்துக்கொண்டே. சொன்னது எனக்குக் கேட்டது. ஆறடியில் இருந்த அந்த அம்மாளுக்குக் கேட்காமல் இருக்க முடியாது. அவர் குனிந்து, கோழிகளின் தண்ணீர்ச் சட்டியை வெயிலிலிருந்து எடுத்து முருங்கை நிழலில் வைத்தார். வைத்துவிட்டு அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அவ்வளவுதான்.

பிறகு என்னிடம் வந்தார். "போடுதுங்க சாமி. வேற பக்கம் போடுது. பொட்டி புடிக்கலை."

சோளத்தட்டுப் போரின் அடியில் கையை விட்டு ஏழு முட்டைகளை எடுத்துக் காட்டினார். வெள்ளை முட்டைகள். நான் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அடுத்த நொடியே கவலை வந்தது: போரில் இட்டது கணக்கில் வராது.

"கோழியைக் கட்டிப் போட்டுப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சா என்ன?"

"தப்பு கோழி மேல இருந்தாத்தானுங்க அதைக் கட்டறது? முட்டை போடறப்ப அது ஒளியப் பாக்குது. நாம தேர்த் திருநாக் கடைவீதியில கொண்டுபோயி வெச்சிருக்கறோம். பொம்பளை அங்க உக்காருவாளுங்களா?"

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்கப்புறம் பத்து நாள் அவர் செய்ததெல்லாம் நகர்த்தல்தான். பெட்டிகளைக் கட்டுத்தறியின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோனார். மாடுகளின் கால் படுகிறது என்று ஒரு முழம் உயரத்தில் பலகை போட்டு ஏற்றினார். முன்னால் சாக்கைப் பாதி தொங்கவிட்டார். அடியில் வைத்திருந்த வைக்கோலை எடுத்துவிட்டுக் நிலக்கடலைத் தோலான பொட்டைக் கொட்டி, முழங்கையால் அழுத்திக் குழி செய்தார். தூங்குவதற்குப் பெட்டிக்கு மேலே உயரமாக ஒரு மூங்கிலைக் கட்டினார். கோழி எப்போதும் உயரமான இடத்தில் தூங்கவே விரும்பும்; மூங்கில் கிடைத்ததும் பெட்டிக்குள் படுப்பதை விட்டன. பகல் உச்சிவரை கட்டுத்தறியின் படலைச் சாத்தி, அப்புறம்தான் வெளியே விடுவார். தட்டுப்போரைப் பிரித்து வேறிடத்தில் அடுக்கினார்.

பெட்டியில் ஒரு முட்டை கிடந்தால் மற்றக் கோழியும் அங்கே இடும் என்பது மட்டும் நான் சொன்னது. பயிற்சியில் கேட்டிருந்தேன். ஆனால் உண்மை முட்டையை வைத்தால் உடையும், உடைந்தால் கோழி தின்னப் பழகும். சுண்ணாம்புக் கட்டி உருட்டி வைத்தோம், கோழிகள் கொத்தித் தின்றன. யோசித்துக்கொண்டே ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த பழைய அலமாரியின் கதவுக் குமிழ்கள் கண்ணில் பட்டன. வெள்ளைப் பீங்கான், நீள உருண்டை, கோழி முட்டை அளவு. நான்கையும் திருகிக் கழற்றினேன். அந்த அலமாரியை அதற்குப் பின் கயிறு கட்டித்தான் இழுத்துத் திறந்தோம். மேலதிகாரி எலி கொண்டுபோயிருக்கும் என்று நம்பினார்.

குமிழை அந்த அம்மாள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அடியில் திருகாணி போன ஓட்டை இருந்தது.

"ஒசத்தியான முட்டைங்க" என்றார். ஓட்டை கீழே போகும்படி, ஒவ்வொரு பெட்டியிலும் பின்பக்கமாக வைத்தார்.

அதற்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு கோழி பெட்டிக்குள் ஏறியதை நானே பார்த்தேன். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. குமிழை அலகால் தள்ளித் தன் வயிற்றடியில் சேர்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். "நீங்க நிக்கற எடமும் சரியில்லீங்க."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாசலிலேயே நிறுத்தி, "அந்த சட்டையை அங்கயே அவுத்துப் போட்டுட்டு, குளிச்சுட்டு உள்ள வா. எம் புள்ளை இண்டர்மீடியட் படிச்சுட்டு கோழிக்குப் பிரசவம் பாக்கறான்னு அடுத்தாத்துல சொல்லிக்கட்டுமா?" என்றாள்.

ஆனால் பெட்டிகளில் முட்டை சேரவில்லை. இதுதான் எனக்கு விளங்காமல் போனது. கோழிகள் ஏறுகின்றன, உட்காருகின்றன, இறங்கிக் கொக்கரிக்கின்றன. நான் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தால் நான்கு பெட்டிகளிலும் நான்கு குமிழ்கள் மட்டும் இருந்தன. பாம்பு என்றேன், கீரி என்றேன். மார்கழி பாதி போய்விட்டது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவருக்கு அப்போது மார்ச்சளி. இருமிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "மாப்பிள்ளை தை ரெண்டாந்தேதி வர்றாராம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் பெட்டியிலிருந்த பொட்டைக் கையால் தடவிப் பார்த்தார். நடுவில் கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தது. குழியிலேயே கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இருக்குதுங்க" என்றார்.

"எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே."

"போட்டிருக்குதுங்க சாமி. அது அதும்பட வேலையைப் பண்ணிருச்சு."

காலையில் அவர் காட்டில் களை எடுக்கப் போனால் உச்சிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் தின்னும் சோறு அந்த அடுப்பில்தான் வேகிறது.

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் கடைசி முறையாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கோழிகளை ஆபீஸுக்கே திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது. முற்றத்தில் எனக்குத் தனியாக ஒரு கட்டிலைப் போட்டார்கள். எதிரே அண்ணன் சப்பணமிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நங்கையா அவருக்குச் சோறு போட்டு, சோற்றுப் பானையிலேயே வேகவைத்த முட்டைகள் இரண்டை வட்டிலில் வைத்தார். அந்த அம்மாள் கட்டுத்தறிப் படலருகே பூட்டாங்கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒரு முட்டையை வட்டிலின் விளிம்பில் தட்டினார். டங் என்றது. மறுபடி தட்டினார். இன்னும் நன்றாக டங் என்றது. பக்கத்தில் கிடந்த கல்லில் தட்டினார். கல்லிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்தது.

"ஏ புள்ளை, என்ன முட்டை இது, வேகவே இல்லை?"

"நல்லாத்தானே வெந்துச்சு. தொலி கெட்டியா இருக்கும், இன்னொரு தட்டுத் தட்டுங்க."

அவர் அதைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். அடியிலிருந்த துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இதுல ஓட்டை இருக்குது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். என் ஆபீஸ் அலமாரியின் குமிழ் அது. இடதுபக்கக் கதவின் மேல் குமிழ்; ஒரு மயிரிழை விரிசல்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன், அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

அண்ணன் குமிழைக் கீழே வைத்துவிட்டு மற்ற முட்டையை எடுத்துத் தட்டினார். உடைந்தது. உரித்தார். தொலி வெள்ளை வெளேரென்று இருந்தது. நாட்டுக்கோழி முட்டைக்கு அந்த வெள்ளை வராது. தொலியை விரலில் ஒட்டவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு வாரமா இருமலுக்குன்னு எனக்குத் தெனமும் முட்டை வெச்சியே" என்றார் மனைவியிடம். "நம்ம கோழி அடையில உக்காந்து ஒரு மாசமாச்சே. அது நெனப்பே வரலியே எனக்கு."

நங்கையா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழுகிற ரகம் இல்லை. "கனமா இருந்துச்சு. சர்க்கார் கோழியாச்சே, கனமாத்தான் போடும்னு நெனச்சேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே வாயோரம் கோணியது. அண்ணனுக்கு இருமலோடு சிரிப்பும் வந்து, புரையேறி, தண்ணீர் குடித்தார். சிரிப்பு நின்றதும் அவர் முகம் மாறியது. தங்கை இங்கேயே இருப்பதற்கு எதைச் சாட்சியாகக் கேட்டாரோ, அதை இரண்டு வாரமாகத் தினமும் உப்புத் தொட்டுத் தின்றிருக்கிறார்.

"அம்மிணி" என்று தங்கையைக் கூப்பிட்டார். விரலிலிருந்த தொலியை வட்டிலில் போட்டார்.

அந்த அம்மாள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நங்கையாவைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்தது கோபத்தினால் என்று எனக்குப் படவில்லை.

"நங்கையா மேல ஒரு தப்பும் இல்லீங்கண்ணா. ஒரு அடுப்படியில ரெண்டு பேருக்கு உப்புச்சட்டி வெக்க எடமில்லை. பொட்டியும் கிட்ட இருக்குது, கை எட்டுது. கெணத்துமேட்டுச் சாளை சும்மாதானே கெடக்குது. கோழியை அங்க கொண்டுபோயிர்றேன். நானும் அங்கயே இருந்துக்கறேன்."

சாளை என்பது காட்டுக் கிணற்றருகே இருந்த ஒற்றை அறைக் குடிசை. ஏர், கலப்பை வைப்பார்கள். அண்ணன் தலையை ஆட்டினார். அவர் ஒரு தீர்மானத்தைத் தள்ளிப்போடாமல் எடுத்ததை அன்று ஒரு முறைதான் பார்த்தேன். "ஓலை மாத்தித் தர்றேன்" என்றார். "அந்தாளு வந்தா அங்கயே வந்து உங்கிட்டப் பேசிக்கட்டும்."

அன்றைக்கே பெட்டிகளைத் தலையில் வைத்துக் கொண்டுபோனோம். நானும் ஒன்று தூக்கினேன். வரப்பில் நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "குமிழ் எப்படி அவங்க கையில மாட்டிச்சு? இத்தனை நாள் மாட்டலையே."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சாமி" என்றார் அந்த அம்மாள், திரும்பாமல். "பொறத்தால இருந்துச்சு. கொஞ்சம் முன்னால நவுத்தி வெச்சேன்."

சாளைக்குப் போனபின் கோழிகள் இரண்டு நாள் மிரண்டன, பிறகு பெட்டிகளை நிறைத்தன. மேலதிகாரி வந்து பார்த்தார், திருப்திப்பட்டார், ஒரு பெட்டியில் கையை விட்டுக் குமிழை எடுத்து, "இது நல்ல கனம்" என்று சொல்லிப் பத்திரமாக வைத்தார். பெட்டிகள் சாளைக்குப் போன வாரமே நங்கையா ஒரு சட்டி உப்போடு அங்கே வந்தார். "இதை எங்க வேணும்னாலும் வெச்சுக்க. இது உன்ற உப்பு" என்றார். அந்த வேகாத பீங்கான் முட்டையையும் மறக்காமல் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்.

தை இரண்டாம் தேதி கணவர் வந்தார். கோட்டயம் போய், பஸ் மாறி மாறி வந்த களைப்பு. தோட்டத்துக் கம்பளிக் கோட்டை எங்கள் வெயிலில் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். நான் அன்று முட்டை வாங்கிப்போக வந்திருந்தேன்; எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் கிணற்றுமேட்டில் நின்றேன். அந்த அம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். சோறு போட்டார். இரண்டு முட்டை வைத்தார். அவர் தின்று முடிக்கும்வரை கோழிகளைப் பற்றித்தான் பேச்சு.

கை கழுவியபின் அவர் சொன்னார். "அங்க அந்தப் புள்ளை தனியாக் கஷ்டப்படறா. குழந்தை ராத்திரியெல்லாம் அழுவுது. நீ வந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

"கொழந்தை எந்தப் பக்கம் படுக்குது?"

"ஜன்னலோரத்துல. தொட்டில் அங்கதான் கட்டியிருக்குது."

"மலைக்காத்து நேரா அடிக்குமுங்க. உள்சுவத்துப் பக்கம் மாத்திக் கட்டச் சொல்லுங்க. தூங்கிரும்." வட்டிலை எடுத்துச் சுவரோரம் வைத்தார். "உங்க மேலயும் தப்பில்லீங்க, அந்தப் புள்ளை மேலயும் தப்பில்லை. எனக்கு அது எடமில்லைங்க. நான் வர்றதா இல்லை."

அவர் கோபப்படத் தயாராக வந்தவர்தான். ஆனால் யார் மேலும் தப்பில்லை என்று சொல்கிறவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது? கோட்டின் பொத்தானை அவிழ்த்தார், மறுபடி போட்டார். "அப்ப, நான் கெளம்பறேன்" என்றார்.

நானும் அதே பஸ்ஸுக்குத்தான். மூன்று பேரும் விலக்குக்கு நடந்தோம். கணவர் முன்னால் போய், ஊர்ப் பழக்கம் தெரியாமல், இறக்கத்தின் அடியில் புளியமரத்து நிழலில் தன் கைப்பெட்டியை வைத்து நின்றுகொண்டார். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் போய், குனிந்து, அவர் பெட்டியை எடுத்தார்.

"இங்க நின்னா நிக்காதுங்க" என்றார். "சித்த மேல வாங்க."

ஏற்றத்தில் நடந்து, ஒற்றைப் பனையடியில் பெட்டியை வைத்தார். கணவர் பின்னாலேயே வந்தார். பெட்டி சாலைக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பதாகப் பட்டதோ என்னவோ, அந்த அம்மாள் காலால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். பஸ் மூச்சிரைக்க ஏறி வந்து எங்கள் முன்னால் நின்றது. கணவர் ஏறினார், நான் ஏறினேன். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். பஸ் புறப்படும்வரை அந்த அம்மாள் நிற்கவில்லை. பொழுது உச்சிக்கு வந்துவிட்டது; கோழிகளைத் திறந்துவிட வேண்டும்.